ஏணியடியில் கட்டாத பிரி

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் தலையைத் தூக்கினால் மலையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கோபுரத்தைப் பார்ப்பார்கள். நூருல்லா தலையைத் தூக்கினால் சாரத்தைத்தான் பார்ப்பார். பெரிய தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் போதும். அது அவர் கட்டிய சாரமாக இல்லாவிட்டாலும் நடுத்தெருவில் நின்று, கழுத்தைச் சாய்த்து, ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் வருகிற சைக்கிள்காரன் மணியடித்து மணியடித்துக் கை ஓய்ந்துபோவான்.

சாரம் என்றால் தெரியும்தானே? கட்டிடம் உயர உயர, கொத்தனாரும் சித்தாளும் நிற்பதற்காகச் சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, மேலே பலகை போடுவார்களே, அதுதான். வீடு முடிந்ததும் கொத்தனாருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள், தச்சனுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். சாரம் கட்டினவனை யாருக்கு நினைவிருக்கும்? கிரகப்பிரவேசத்தன்று அவன் வேலை அங்கே இருக்கவே இருக்காது. எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். நூருல்லாவுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

"நம்மள யாரும் நெனைக்கலன்னா அதான் நல்லது. சாரக்காரன் பேரு வெளிய வந்தா, எவனோ விழுந்துட்டான்னு அர்த்தம்" என்பார்.

அவர் பெயரும் ஒருநாள் வெளியே வந்தது.

அதற்கு முன் அவருடைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், மாட வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பாதி கட்டி விட்டுவிட்டு வந்த சாரத்தில், மறுநாள் காலையில் விவரம் தெரியாமல் ஒரு கொத்தனார் ஏறிவிட்டார். முன்பல் இரண்டு போனதோடு தப்பினார். அன்றிலிருந்து நூருல்லா ஒரு காரியம் செய்தார். சாரம் முடியாமல் இருந்தாலும் சரி, எங்காவது பிரித்துக் கட்ட வேண்டியிருந்தாலும் சரி, வைக்கோலைக் கயிறாகத் திரித்து, அந்தப் பிரியை ஏணியின் அடியில் குறுக்காகக் கட்டிவிடுவார். பிரி இருந்தால் ஏறக்கூடாது. அவரே வந்து, முதல் ஆளாக ஏறி, ஒவ்வொரு பலகையையும் குதிகாலால் மிதித்துப் பார்த்து, இறங்கி வந்து பிரியை அவிழ்ப்பார். அப்புறம்தான் மற்றவர்கள். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற சங்கதி. விற்கப் போகிற மாட்டுக்கு வைக்கோல் கட்டுவது வழக்கமாயிற்றே, அதை வைத்து கோதண்டராமன் அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

"இன்னா பாய், சாரத்த சந்தைக்கு ஓட்டினு போறியா?"

கோதண்டராமனும் நூருல்லாவும் ஒரே காலத்தில் கட்டிட வேலைக்கு வந்தவர்கள். ஒரே கடையில் ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள். கோதண்டராமன் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, எழுபத்தாறில் கான்ட்ராக்டரும் ஆகி ஒரு ஸ்கூட்டரும் வாங்கிவிட்டார். அதிலிருந்து நூருல்லா அவரை 'வாங்க போங்க' என்று பேச ஆரம்பித்தார். அவர் மட்டும் பழையபடி 'நீ வா போ'தான். ஆனாலும் நூருல்லா இல்லாமல் அவர் ஒரு சுவர் எழுப்ப மாட்டார். அந்த அளவுக்கு நம்பிக்கை.

எழுபத்தெட்டில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கோதண்டராமன் ஒரு லாட்ஜ் கட்ட எடுத்தார். தரையோடு சேர்த்து மூன்று அடுக்கு. வெள்ளைக்காரர்கள் வந்து மாசக்கணக்கில் தங்குகிறார்கள், ரூம் போதவில்லை என்று யாரோ லாட்ஜ் முதலாளியின் காதில் ஓதிவிட்டார்கள். கார்த்திகை பிறந்தபோது மேற்குச் சுவருக்குப் பூச்சு வேலைதான் பாக்கி.

தீபத்துக்கு இந்த ஊரில் எவனும் வேலை செய்யமாட்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையை நிறுத்தினால் அடுத்த திங்கட்கிழமைதான் மறுபடி. அந்த நாட்களில் அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் கோதண்டராமன் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார். கட்டையும் கயிறும் கட்டுகிற கையும் நூருல்லாவுடையவை, ஒரு பைசா வாங்கமாட்டார். போர்டில் இருக்கும் பெயர் கோதண்டராமனின் அப்பாவுடையது. பானகம் குடித்துவிட்டு நெஞ்சார வாழ்த்திப் போனவர்களின் புண்ணியம் யார் கணக்கில் சேர்ந்ததோ, அது அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் நூருல்லாவின் கட்டை அத்தனையும் லாட்ஜில் நின்றது. பந்தலுக்குக் கட்டை இல்லை.

"மேற்குப் பக்கத்துல குறுக்குக் கட்டை ஒரு ஆறு அவுத்துக்கோ" என்றார் கோதண்டராமன். "திங்கக்கெழமதானே வேலை. ஞாயித்துக்கெழம கொண்டாந்து கட்டிடு."

"அதை அவுத்தா நிக்கிற கட்டைக்குப் பிடிப்பு கெடையாதுங்க. எவனாவது ஏறினா..."

"எவன் ஏறப்போறான்? ஊரே தீபம் பாக்கப் போவுது."

நியாயமாகத்தான் பட்டது. நூருல்லா தன் கையாலேயே ஆறு கட்டைகளை அவிழ்த்து வண்டியில் போட்டார். இருட்டுகிற நேரம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தப் பாதையில் வண்டி போகாது என்று வண்டிக்காரன் மூச்சுக்கு மூச்சு அவசரப்படுத்தினான். நூருல்லா வைக்கோல் தேடினார். எப்போதும் அங்கே வைக்கோல் கிடக்கும். தளத்தில் ஊற்றிய தண்ணீர் காயாமல் இருக்கப் பரப்பியிருப்பார்கள். அன்றைக்கு இருந்ததெல்லாம் நனைந்து மக்கி, கையில் எடுத்தால் குழைந்தது. பிரி திரிக்க வரவில்லை. ஒரு கோணியைக் கிழித்துக் கட்டியிருக்கலாம். வேட்டியில் ஒரு முழம் கிழித்துக்கூடக் கட்டியிருக்கலாம். இதெல்லாம் பிற்பாடு, வருஷக்கணக்கில், படுக்கையில் புரண்டுகொண்டு யோசித்தவை. அன்றைக்கு அவர் செய்தது, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்த கோதண்டராமனிடம் போய்ச் சொன்னதுதான்.

"நான் வந்து கட்டறவரைக்கும் மேற்கால யாரையும் ஏத்தாதீங்க."

"சரி சரி" என்றார் கோதண்டராமன். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

தீபம் ஏறியது, பந்தலில் அண்டா அண்டாவாகப் பானகம் கரைந்தது, எல்லாம் நல்லபடியாக நடந்தது. சனிக்கிழமை காலை நூருல்லா பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கட்டை. லாட்ஜ் வாட்ச்மேன் வேர்க்க வேர்க்கச் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பாய், சாரம் சாஞ்சிடுச்சு. ஆதிலட்சுமி விழுந்துட்டா."

"இன்னைக்கி ஏது வேலை?"

"மொதலாளி அவசரப்படுத்தறாருன்னு கான்ட்ராக்டர் காத்தாலயே ஆள வரச்சொல்லிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"மேற்கால."

நூருல்லா தோளிலிருந்த கட்டையை இறக்கி வைத்தார். அந்த ஆறு கட்டைகளில் அதுவும் ஒன்று.

ஆதிலட்சுமி அந்த அடி அண்ணாமலைக்காரிதான். இருபத்தாறு வயது. ஆறு வருஷமாகச் சித்தாள் வேலை. அவள் புருஷன் சடையன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கலவைச் சட்டியை, பாண்டு என்பார்கள், தலையில் வைத்துக்கொண்டு கையை விட்டே ஏணி ஏறுவாள். யாராவது திட்டினால், "பாய் போட்ட முடிச்சு, எமனே வந்தாலும் அவுக்க முடியாது" என்று சிரிப்பாள். சனிக்கிழமையும் அப்படித்தான் ஏறியிருக்கிறாள். இரண்டாவது அடுக்கில் பாண்டை இறக்கும்போது கட்டை விலகியது. கொத்தனார் பலராமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டார். அவளுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போனது, இடது கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. உயிர் இருந்தது.

மூன்றாம் நாள் நூருல்லா ஆஸ்பத்திரிக்குப் போனார். சடையன் மருந்து வாங்க வெளியே போயிருந்தான். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"பாய், பிரி கட்டியிருந்தீங்களா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நான் பாக்காம தாண்டிட்டேனா?"

என்ன கேள்வி பாருங்கள். விழுந்தவள், கட்டினவரைப் பார்த்துக் கேட்கிறாள், தப்பு என்னுடையதா என்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நூருல்லாவின் நாக்கு எழவில்லை. தலை மட்டும், அது பாட்டுக்கு, ஒருமுறை ஆடியது. ஆமாம் என்று.

"அதான நெனச்சேன்" என்றாள் ஆதிலட்சுமி. "நீங்க கட்டாம போகமாட்டீங்க."

சடையன் மருந்தோடு திரும்பி வருவதற்குள் அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தால் வயிறு எரியும். கட்டிட வேலையில் கலவைப் பாண்டைக் கீழேயிருந்து மேலே கைக்குக் கை மாற்றி ஏற்றுவார்கள். பொறுப்பு என்பது மேலேயிருந்து கீழே வந்தது. நான் கான்ட்ராக்ட் விட்டுவிட்டேன், சாரத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றார் முதலாளி. சாரம் கட்ட ஆள் வைத்திருந்தேன் என்றார் கோதண்டராமன். சொன்ன இடத்தில் பூசினேன் என்றார் பலராமன். கடைசியில் அது எழுந்து நிற்க முடியாத ஒருத்தியின் தலைமேல் போய் இறங்கியது. அவள்தான் யாருக்கும் கைமாற்றிவிட முடியாதவள்.

ஊரில் வக்கீல் ராஜேந்திரன் என்று ஒருவர், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், சடையனைக் கூப்பிட்டு வைத்து மனு எழுதினார். வேலையில் அடிபட்டவருக்கு வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தரவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம் இருக்கிறதாம். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனு வேலூருக்குப் போனது. ஜில்லாத் தலைநகரம் அப்போது வேலூர்தான். போலீஸிலும் அஜாக்கிரதை என்று ஒரு கேஸ் எழுதி, நூருல்லாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு, அப்படியே கட்டி வைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த நூருல்லாவின் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"பாய், வக்கீல பாத்துட்டு வரேன்" என்றார் கோதண்டராமன். "சட்டத்துல ஒரு வழி கீது. ஏறாதேன்னு வெச்ச அடையாளத்த வேணும்னே தாண்டி ஏறி அடிபட்டா, வேலை குடுத்தவன் காசு தரத் தேவையில்லையாம். செத்துப்போயிருந்தா இந்தப் பேச்சு செல்லாது. பொழச்சிக்கினால்ல, அதனால செல்லுமாம்."

நூருல்லா தொழுகைத் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"நீ பிரி கட்டுவேன்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கும் கட்டினேன்னு சொல்லிடு, அவ்ளோதான். உம்மேல கேஸ் நிக்காது, எனக்கும் தொந்தரவு இல்ல. கட்டலன்னு சொன்னா மொதல்ல உள்ள போறது நீதான்."

"நான் கட்டலையே."

"யாரு பாத்தா?"

"உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனேன், யாரையும் ஏத்தாதீங்கன்னு."

கோதண்டராமன் தரையைப் பார்த்தார். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. முதலாளி அவர் பில்லை நிறுத்திவைத்திருந்தார், ஸ்கூட்டர் வட்டிக்கடைக்குப் போகிற நிலை. "அந்த ஸ்கூட்டர் சத்தத்துல எனக்கு எதுவும் காதுல விழல பாய்" என்றார். விழுந்ததா விழவில்லையா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்தது.

வீட்டில் பேசுகிற பேச்சு உருது. அவர் மனைவி ரஹமத்துன்னிசா அன்று சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஜஹானாராவுக்கு இப்பதான் இடம் அமைஞ்சிருக்கு. அப்பன் ஜெயிலுக்குப் போனா அந்த ஆம்பூர்க்காரங்க வருவாங்களா? நிக்காஹ் முடியற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க." பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? நூருல்லாவும் வாயை மூடிக்கொண்டார். எழுபத்தொன்பதில் மகள் கல்யாணம் முடிந்தது. அதோடு வாயைத் திறக்காமல் இருக்க அவரிடம் இருந்த நல்ல காரணமும் முடிந்துபோனது. பிறகும் அவர் திறக்கவில்லை. பயம்தான். வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை.

இதற்குள் இன்னொரு கூத்து நடந்திருந்தது. அன்றைக்கு ஏணியடியில் பிரி இருந்தது என்று ஊரே நம்ப ஆரம்பித்துவிட்டது. கோதண்டராமன் சொல்லிக் கொடுத்து அல்ல. பலராமன் சத்தியமே செய்தார், கண்ணால் பார்த்தேன் என்று. பொய் சொல்லவில்லை அந்த மனுஷன். ஏழு வருஷமாக எத்தனையோ தடவை பார்த்த பிரி, அந்தச் சனிக்கிழமையிலும் போய்ச் சேர்ந்துகொண்டது. அடி அண்ணாமலையில் சடையன் குடித்துவிட்டு வந்து, "பாயி பிரி கட்டியிருந்தாராமே, கண்ணு எங்கடி போச்சு உனுக்கு?" என்று தெருவே கேட்கத் திட்டுவான். படுத்த படுக்கையாகக் கிடந்தவள், "ஆமா, என் கண்ணுதான் அவிஞ்சிபோச்சு" என்பாளாம். இது நூருல்லாவின் காதுக்கும் வந்தது. ஒழுங்காக இருந்த ஒரு மனுஷனின் ஒழுங்கே அவள் கழுத்துக்குக் கயிறாகியது.

எண்பதில், ஆடி மாதம், வேலூரில் விசாரணை. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரஹமத்துன்னிசா டிபனைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

"இன்னா சொல்லணும்னு இப்ப நான் சொல்லல. நீங்க எதச் சொல்லிட்டு வரீங்களோ, அந்த ஆளோடதான் நான் மிச்ச காலம் குடித்தனம் பண்ணணும். அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க" என்றாள்.

அவர் டிபன் பொட்டலத்தைப் போளூர் தாண்டியும் பிரிக்கவில்லை, கண்ணமங்கலம் தாண்டியும் பிரிக்கவில்லை.

கோர்ட் என்று நினைத்துப் போனவருக்கு அது ஒரு சாதாரண ஆபீஸாக இருந்தது. ஒரு மேஜை, பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி, டைப் அடிக்கிற ஒரு பெண், மேலே கிறீச்சிடும் ஃபேன். சடையன் ஆதிலட்சுமியை முதுகில் சுமந்துகொண்டு வந்து பெஞ்சில் இறக்கினான். அவள் நூருல்லாவைப் பார்த்து, "நல்லாகீறீங்களா பாய்? ஜஹானாரா நல்லாகீதா?" என்று கேட்டாள்.

முதலில் அவளைத்தான் விசாரித்தார்கள்.

"ஏணியில வைக்கோல் பிரி கட்டியிருந்துச்சாம்மா?" என்றார் அதிகாரி.

வக்கீல் ராஜேந்திரன் 'இல்லை என்று சொல்' என்று எத்தனை தடவை சொல்லிக் கூட்டி வந்திருப்பார். அவள் யோசித்தாள்.

"ஞாபகம் இல்லீங்க ஐயா. இருந்திருக்கும். பாய் கட்டாம போகமாட்டாரு."

ராஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். கோதண்டராமனின் வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்து பலராமன்.

"பிரி இருந்துச்சுங்க சார்."

"அந்தச் சனிக்கிழமை பாத்தீங்களா?"

"எப்பவும் இருக்கும் சார்."

"எப்பவும் இருக்கறது வேற. அன்னைக்குப் பாத்தீங்களா?"

பலராமன் குழம்பிப்போனார். "எப்பவும் இருக்கும் சார்" என்று மறுபடியும் சொன்னார்.

பிறகு கான்ட்ராக்டர் தரப்புச் சாட்சியாக நூருல்லாவைக் கூப்பிட்டார்கள். சத்தியம் வாங்கினார்கள். கோதண்டராமனின் வக்கீல் பக்கத்தில் வந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கேட்டார்.

"சாரம் வேலைக்கு ஆகாதுன்னா ஏணியில வைக்கோல் பிரி கட்டறது உங்க வழக்கம். சரிதானே?"

"சரிதாங்க."

"செவ்வாய்க்கிழமையும் கட்டினீங்க."

நூருல்லா ஆதிலட்சுமியைப் பார்த்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டலைங்க" என்றார்.

"என்ன?"

"நான் பிரி கட்டலைங்க. வைக்கோல் நனஞ்சி கெடந்துச்சு, திரிக்க வரல. வேற எதையாவது கட்டியிருக்கலாம், கட்டல. நாலு நாளைக்கு யாரு வருவாங்கன்னு உட்டுட்டேன். இந்தம்மா எதையும் தாண்டல. தாண்டறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

வக்கீல் கோபத்தில் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று டைப் அடித்தார்கள். அதிகாரி மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"குறுக்குக் கட்டையை அவுத்தது யாரு?"

"நான்தாங்க. கான்ட்ராக்டர் பந்தலுக்கு. அவரு சொல்லி அவுத்தேன். நான் வர்றவரைக்கும் யாரையும் ஏத்தாதீங்கன்னு அவருகிட்ட வாயால சொன்னேன். சொன்னதுக்கு சாட்சி கெடையாதுங்க."

"நீங்க சொல்றது உங்க மேலயே கேஸா திரும்பும், தெரியுதா?"

"தெரியுதுங்க."

அதிகாரி கோதண்டராமனைப் பார்த்தார். "ஆள் வச்சு வேலை வாங்கறவர்தான் இதுக்குப் பொறுப்பு. இவர் மறந்திருந்தா அந்த மறதிக்கும் நீங்கதான் பொறுப்பு. வேலைக்கு ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி சாரம் முழுசா இருக்கான்னு பார்க்க வேண்டியவர் நீங்க. வேலையைக் கொடுத்த முதலாளியும் இதுலேருந்து நழுவ முடியாது" என்றார்.

இரண்டு வருஷமாக மேலேயிருந்து கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கியதை அந்த மனுஷர் இரண்டே நிமிஷத்தில் மேலே ஏற்றி வைத்துவிட்டார். நூருல்லாவுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மறதிக்குக் கோதண்டராமன் பொறுப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஆடிய தலைக்கு யார் பொறுப்பு? அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

வெளியே புங்க மரத்தடியில் சடையன் அவளை இறக்கிவிட்டு ரிக்‌ஷா பேசப் போயிருந்தான். நூருல்லா போய்த் தள்ளி நின்றார். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாரா? மனுஷ மனசு, கொஞ்சம் எதிர்பார்த்திருக்கும். அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் அப்படி ஒன்றும் இல்லை.

"ஆஸ்பத்திரில உங்கள கேட்டேன் பாய்."

"ஆமாம்மா, கேட்ட."

"தலைய ஆட்டினீங்க."

இப்போதும் அவர் தலைதான் ஆடியது.

"ரெண்டு வருஷம். எங்கூட்டு ஆளு இன்னா இன்னா பேசினாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அத உடுங்க. நானே என்னைப் பேசினேன். ராத்திரி பகலா, கண்ணு தெரியாதவளே, அவசரக்காரின்னு. காலு போனது கூட பரவால்ல. அது விழுந்ததுல போச்சு. இது நீங்க பண்ணது."

"தப்பும்மா. என் தப்புதான்."

"போங்க பாய்" என்றாள். திட்டாமல், சத்தம் போடாமல் சொன்னாள். சடையன் ரிக்‌ஷாவோடு வந்தான்.

நஷ்டஈடு தரச்சொல்லி உத்தரவு வந்தது. கோதண்டராமன் மேலே ஒரு கோர்ட்டுக்குப் போய், அங்கேயும் தோற்று, எண்பத்துமூன்றில்தான் பணம் அவள் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் கோல் ஊன்றி நடக்கப் பழகியிருந்தாள். அந்தப் பணத்தில் மலை சுற்றும் பாதையோரம் எலுமிச்சம்பழம், கற்பூரம், சோடா விற்கிற ஒரு பெட்டிக்கடை போட்டாள். போலீஸ் கேஸ் நூருல்லாவின் மேலும் கோதண்டராமனின் மேலும் நடந்தது. நூருல்லா முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டி, தண்டனைப்படி கோர்ட் கலையும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ரஹமத்துன்னிசா சுடச்சுடச் சோறு போட்டாள்.

ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. சொந்தக் கான்ட்ராக்டரைக் காட்டிக்கொடுத்தவர் என்று மூன்று வருஷம் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நெல் மண்டியில் சடையனோடு சேர்ந்து மூட்டை தூக்கினார். இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். எண்பத்துநாலில், வேறொரு சாரக்காரர் கட்டியது ஒரு மழையில் தானாகவே சாய்ந்தபோதுதான் ஊருக்குப் பழைய பாயின் ஞாபகம் வந்தது. வந்தார். ஆனால் இந்தத் தடவை பிரியோடு சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டும் வந்தது. எந்தக் கட்டை பிரித்திருக்கிறது, எந்தப் பக்கம் ஏறக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு எழுதி வாங்கி, கான்ட்ராக்டரின் கையெழுத்து விழுந்தால்தான் இடத்தை விட்டு நகர்வார். "நோட்டு பாய்" என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்கள்.

தண்ணீர்ப் பந்தலை மட்டும் அவர் விடவில்லை. கோதண்டராமன் பந்தல் போடுவதை நிறுத்திவிட்டார். அடி அண்ணாமலைக்காரர்களே சேர்ந்து போட்டார்கள். அதற்கென்று நூருல்லா இருபது சவுக்குக் கட்டைகளைத் தனியாக வாங்கி, வீட்டுக் கொல்லையில் போட்டு வைத்திருந்தார். வருஷத்தில் அந்தச் சில நாட்களைத் தவிர அவை வேறெந்த வேலைக்கும் போகாது.

பந்தல் போடுகிற இடம் ஆதிலட்சுமியின் பெட்டிக்கடைக்கு எதிரே. ஒவ்வொரு கார்த்திகையிலும் வண்டியிலிருந்து கட்டைகளை இறக்கும்போது, அவள் கோலை ஊன்றிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துப் பாதையைக் கடந்து வருவாள். மலை சுற்றுகிறவர்கள், பந்தல் வேலைக்காரர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கோல் நுனியால் ஒரு கட்டையைத் தட்டுவாள்.

"இது எந்த சாரத்துலேருந்து அவுத்தது பாய்?"

"எதுலேருந்தும் அவுக்கலம்மா. வீட்டுல இருந்தது."

"எல்லாமே?"

"எல்லாமே."

அவள் இன்னொரு கட்டையைத் தட்டிப் பார்ப்பாள். வேறு ஒரு வார்த்தை அவர்களுக்குள் கிடையாது. எண்பத்துமூன்றிலிருந்து அவர் கண்ணை மூடுகிற வருஷம் வரைக்கும் இதே கேள்வி, இதே பதில்.

"சரி, கட்டுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் நூருல்லா முதல் கட்டையைத் தூக்குவார்.